பேனலுக்குப் போர்த்திய சாக்கு

கொடைக்கானல் மலையில், கிளாவரை ஊருக்கு மேலே நான் குடியிருக்கும் சரிவுக்கு இன்றுவரை கரண்ட் கம்பி வரவில்லை. அங்கே போய் இருட்டறை வைத்து போட்டோ கழுவுகிறேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பழைய பூண்டுக் கொட்டகையின் சன்னலை அடைத்தேன். வெளியே தரையோரமாக ஒரு சோலார் பேனல், உள்ளே ஒரு பேட்டரி. படத்தைப் பெரிதாக்கும் கருவிக்குக் கார் முகப்பு விளக்கின் பல்பு. பேட்டரி நிறைந்திருந்தால் பன்னிரண்டு எண்ணுவதற்குள் தாளில் படம் பதிந்துவிடும். மூடுபனி நாட்களில் அறையைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவேன்.

அதிகம் சிரித்தவர் பக்கத்துத் தோட்டத்து அக்காதான். "வெயிலைப் புடிச்சு டப்பால அடைச்சு, இருட்டுல தொறக்குறீங்களா தம்பி?" என்பார். அந்தச் சிரிப்பை இப்போதும் தேடுகிறேன்.

ஒரு மார்கழியில் அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். ரேஷன் கார்டில் இருந்த நகத்தளவு முகத்தைத் தவிர அவருக்குப் படமே இல்லை. கேரட் மூட்டைமேல் உட்கார்ந்து அவர் பீடி பற்றவைப்பதை நான் ஒருமுறை எடுத்திருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அதைப் பெரிதாகப் போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்த நாளிலிருந்து ஒரே மூடுபனி. பேட்டரி வற்றிவிட்டது. பதினான்காம் நாள் மாலைதான் வானம் தெளிந்தது. மறுநாள் இருட்டோடு முதல் பஸ் பிடித்துக் கொடைக்கானல் போனேன். தெரிந்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு பெரிய போட்டோத் தாள் மிச்சமிருந்தது, வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது வழியெல்லாம் வெயில். பேட்டரி நிறைந்திருக்கும் என்று மனசு குதித்தது.

வந்து பார்த்தால் பேனல்மேல் காய்ந்த புல், அதன்மேல் சாக்கு, நான்கு மூலைக்கும் கல்.

"யாரு பாத்த வேலை இது?" என்று கத்தினேன்.

அக்கா வெளியே வந்தார். "நான்தான் தம்பி. வானம் தெளிஞ்சிருச்சே, ராத்திரி பனி எறங்கும்னு நாத்துக்குப் போர்த்துனேன். இதுவும் வெட்டவெளியில கெடக்கு, கருகிருமேன்னு இதுக்கும் போர்த்திவிட்டேன்."

"இதென்ன முட்டைக்கோஸ் நாத்தாக்கா? ஒருநா வெயிலு பூரா பாழாப் போச்சு!"

அப்போதுதான் அவருடைய நாற்றங்காலைப் பார்த்தேன். காலை வெயில் ஏறியதுமே எடுத்திருக்க வேண்டிய புல் அங்கேயும் அப்படியே கிடந்தது. பகல் முழுக்க அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று புரிந்தது. என் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று இருந்தது.

பேனல், நாற்று இரண்டின் போர்வையையும் சேர்ந்தே விலக்கினோம். இன்னும் ஒருமணி நேர வெயில்தான் பாக்கி. விடிந்தால் சொந்தபந்தம் வந்துவிடும்.

பொழுது சாய்ந்ததும் அக்காவும் இருட்டறைக்குள் வந்தார். சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சை மூலையில் வைத்தேன். கருவியின் பல்பு சோகை பிடித்ததுபோல் எரிந்தது. பன்னிரண்டு போதாது, அறுபது வேண்டும் என்றேன். "நான் எண்ணுறேன்," என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

முப்பத்தெட்டில் பல்பு அணைந்துவிட்டது. அக்கா கண்ணைத் திறக்காமல் எண்ணிக்கொண்டே போனார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறுபது வந்ததும் தாளை மருந்துத் தட்டில் நழுவவிட்டேன்.

முகம் மெல்ல வந்தது, ஆனால் வெளிறித்தான் வந்தது. அக்கா குனிந்து பார்த்தார்.

"அறுவது எண்ணுனதும் வந்துட்டாரே," என்றார்.

காரியத்தன்று அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள். பிறகு நல்ல வெயில் வந்தபோது தெளிவாக இன்னொன்று போட்டுக் கொடுத்தேன். அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு வெளிறியதைத் தன் வீட்டுச் சுவரிலேயே வைத்துக்கொண்டார். மகளோடு இருக்கப் பழனிக்கு இறங்கிப் போனபோது சேலைக்குள் சுற்றி எடுத்துப் போனதும் அதைத்தான்.

அன்று கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. முப்பத்தெட்டிலேயே விளக்கு அணைந்ததையும் சொல்லவில்லை.

இப்போது அந்த நாற்றங்காலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பனி இறங்கும் என்று தெரிந்தால் நாற்றுக்குப் புல்லைப் போர்த்துகிறேன். அப்படியே பேனலுக்கும் ஒரு சாக்கைப் போடுகிறேன். பனியால் அதற்கு ஒன்றும் ஆகாது. காலையில் வெயில் ஏறுமுன் எடுக்க மட்டும் மறப்பதில்லை.