வெறுந்தண்ணீர் என்று வரைந்த இடம்

நாற்பத்தேழு வயதில் பயிற்சிக்கு வந்தவளை யார் நம்புவார்கள்? கொழும்புத்துறைக் கரையில் கால் வைத்த முதல் நாளே, கிழிந்த வலைகளை ஊசியால் பொத்திக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிராமல் என்னை அளந்துவிட்டார்கள்.

"மாணவி எண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம். சமூகவியல். வெளிவாரிப் பட்டம்."

"என்ரை மோள் படிச்சு முடிச்சு ரெண்டு பிள்ளையும் பெத்திட்டாள். நீங்கள் இப்பதான் வாறியள்."

சிரிப்பு. பிறகு ஒருத்தி, எனக்குக் கேட்கட்டும் என்றே, "உவ ஆற்றை ஆளோ தெரியாது" என்றாள்.

நான் யாருடைய ஆள் என்று எனக்கும் தெரியாது. என்னைப் பயிற்சிக்கு எடுத்த அலுவலகம் என் வேலையைச் சமூக ஈடுபாடு என்றது. ஊரவரைக் கூட்டி, அவர்கள் கையாலேயே அவர்களுடைய கடலை வரையச் செய்யவேண்டும். எதற்கு என்று கேட்டேன். "அபிவிருத்திக்கு" என்றார் அதிகாரி, கதவைப் பார்த்தபடி.

நான் கொடிகாமத்துத் தோட்டக்காரி. வேலியைப் பார்த்தே காணிக்காரரைச் சொல்வேன். கடலில் ஏது வேலி? ஆழமில்லாத தண்ணீரில் தடி நட்டு, இறாலை மறித்துக் கட்டும் சிறகுவலைகள் உண்டு. எந்த இடம் எந்தக் குடும்பத்தினது என்பது ஊருக்கே மனப்பாடம். எந்தத் தாளிலும் இல்லை. நான் போன நாட்களில் கரையோரத் தடிகளைப் பிடுங்கிக் காயவைத்திருந்தார்கள். நீர் மொட்டையாகக் கிடந்தது, ஒன்றும் சொல்லாமல்.

அவர்களும் சொல்வதில்லை. கூடை நிறைய இறாலோடு வருகிறவரிடம் எவ்விடத்தில் பட்டது என்று கேட்டால், "அங்காலை" என்று கடற்பக்கம் பொதுவாகக் கைகாட்டுவார். கடல் முழுவதும் அங்காலைதான்.

தேவாலயப் பங்கு மண்டபத்தில் பெரிய தாளை விரித்தேன். ஆளாளுக்கு மாக்கர் எடுத்தார்கள். சிறகுவலை இடங்களைக் குறியுங்கள் என்றதும் கைகள் தயங்கின, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு சரசரவென்று வரைந்தார்கள். எல்லாம் தூரத்தில். கரையோரம் முழுக்க வெள்ளை. எனக்கு மனம் இடறியது. ஆனாலும் சுருட்டிக்கொண்டு போனேன்.

அதிகாரி அந்த வெள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். சந்தோஷம்தான் என்னைப் பயப்படுத்தியது. சிவப்பால் பெட்டி போட்டு, "பயன்பாட்டில் இல்லை" என்று எழுதினார். "கடலட்டைப் பண்ணைக்குத் தோதான இடம். தாளின்ரை அடியிலை ஊராக்களிட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ."

வலை பொத்தும் பெண்களில் மூத்தவரிடம் முதலில் போனேன். அவரும் கணவரும்தான் தங்கள் வலைக்குப் போவார்கள். வேறு தொழில் இல்லை. தாளை மடியில் விரித்தார். சிவப்புப் பெட்டியில் விரல் நின்றது.

"உது எங்கடை இடமெல்லே?"

"நீங்கள்தானே வெறுமையாய் விட்டனீங்கள்!"

"ஆரெண்டு தெரியாத ஆளுக்கு இடத்தைக் காட்டுவமோ? மறைச்சு வைச்சால் மிஞ்சும் எண்டுதான் மறைச்சது." குரல் உடைந்தது. உடனே ஒட்டிக்கொண்டது. "தங்கச்சி, வள்ளத்திலை ஏறுங்கோ."

முழங்காலளவு நீரில் வள்ளத்தை நிறுத்தி, என் கையைப் பிடித்து உள்ளே அமுக்கினார். சேற்றுக்குள் ஒடிந்த தடியின் அடிக்கட்டை. பாசி வழுக்கியது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. தண்ணீருக்கடியில் ஒரு வேலி, என் விரல்களில்.

அன்று பின்னேரம் அவர் வீட்டு முற்றத்தில் ஆட்களைத் திரும்பக் கூட்டி, புதுத்தாளில் உள்ளது உள்ளபடி வரைந்தோம். கையெழுத்து என்றதும் மூத்தவர் பேனையை என்னிடம் நீட்டினார்.

"முதலிலை நீங்கள் வையுங்கோ. அடையாள அட்டை நம்பரோடை."

பயிற்சி முடித்தேன் என்ற கடிதத்தை அந்த அதிகாரிதான் தரவேண்டும். ஆனாலும் வைத்தேன். பழைய தாளை மூத்தவர் அடுப்புக்குள் செருகினார்.

"உதுக்கு வேறை பிரதி இருக்கோ?"

"இல்லை" என்றேன்.

நான் ஏறிய பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டியிருக்கும். சிவப்புப் பெட்டி போட்ட கையோடு அதிகாரி தாளுக்கு மேலே போனைப் பிடித்தது ஞாபகம் வந்தது. யாரோ அழைத்தார்கள் என்று அப்போது நினைத்திருந்தேன். இறங்கி, செருப்பு கையில், ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன்.

"அக்கா, அந்தப் பழைய தாளை அதிகாரி படம் எடுத்திருக்கிறார் போலை..."

வலை பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்தவில்லை.

"எடுத்திருப்பார் எண்டு தெரியும். நீங்கள் பஸ் ஏறமுதலே புதுத்தாளை மோள் படம் எடுத்துச் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் ஊர் விதானையாருக்கும் அனுப்பிப்போட்டாள். உங்கடை கையெழுத்து பெரிசாய் விழுந்திருக்கு."

"என்னை நம்பேல்லையோ?"

"நம்பியிருந்தால் இடம் போயிருக்கும்" என்றார். "இருங்கோ, பிளேன்டீ குடிச்சிட்டுப் போகலாம்."

கடிதம் இன்னும் வரவில்லை. தடிகளைத் திரும்ப நட்டுவிட்டார்கள். போன கிழமை போய்ப் பார்த்தேன். இறால் எவ்விடத்தில் பட்டது என்று கேட்டேன். இப்போதும் எனக்குப் பதில் அங்காலைதான்.