அம்மா திருப்பிக் கொடுத்த ஆறு டம்ளர்கள்

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இந்த நினைவு மலரில் அழ வைக்காத ஒரு கட்டுரையாவது இருக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவைப் பற்றி அப்படி எழுதுவது சிரமமில்லை.

அம்மா பிறந்தது கரையான்சாவடியில். தாத்தா பிறர் நிலத்தில் கூலி வேலை பார்த்து, பின்னர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காவலாளியானவர். அவர் காலமானபோது அம்மாவுக்குப் பதினேழு வயது. அம்மா தையல் கற்று, ஆவடியில் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்து, தம்பிகள் இருவரையும் படிக்க வைத்த பிறகுதான் திருமணத்துக்குச் சம்மதித்தார். கம்பெனி குவார்ட்டர்ஸில் தொடங்கிய குடித்தனம் கோவில்பதாகையில் சொந்த வீட்டுக்கு வந்தது. இடையில் அப்பாவின் கம்பெனி மூடிக் கிடந்த இரண்டு ஆண்டுகளை அம்மா தனியாகவே தாங்கினார். அப்போதுகூட அடுத்த வீட்டு டிபன் பாக்ஸ் எங்கள் வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பியதில்லை. உள்ளே ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். பிறர் பாத்திரம் நம் வீட்டில் ஒரு நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

அந்த அம்மாவின் அலமாரியில் ஆறு கண்ணாடி டம்ளர்கள் இருந்தன. கரும்பச்சைக் கண்ணாடி, அதன்மேல் எனாமலில் வெள்ளைப் பூக்கள், விளிம்பில் தங்கக் கோடு. விரலால் தடவினால் பூக்கள் மேடாகத் தட்டுப்படும். திருமணப் பரிசுகளோடு வந்தவை. கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல ஒவ்வொன்றின் அடியிலும் 'கி.மு.' என்று கீறியிருந்தது. சொந்தத்தில் அந்த எழுத்துகளில் பெயர் உள்ளவர் யாருமில்லை.

"கிறிஸ்து பொறக்கறதுக்கு முன்னாடியே நம்ம கல்யாணத்துக்கு வந்த பரிசு. அசல் பெல்ஜியம்!" என்பார் அப்பா. அவருக்கு நல்ல கண்ணாடி எல்லாமே பெல்ஜியம்தான்.

இதயம் பலவீனமாகி வீட்டோடு இருந்த நாட்களில் அம்மா அந்த டம்ளர்களை அடிக்கடி எடுத்துப் பார்த்தார். "இவ்ளோ அழகானத குடுத்தவங்களுக்கு ஒரு நன்றிகூட சொல்லல. கம்பெனில எல்லாத்தையும் சோதிக்கிறியே, இத எங்க செஞ்சாங்க, யாரு குடுத்தாங்கன்னு பாத்து சொல்லேன்" என்றார்.

நான் அம்பத்தூரில் உதிரிபாகங்களைத் தரம் பார்க்கும் பொறியாளர். மேலாளரிடம் அனுமதி பெற்று, ஒரு டம்ளரைத் துண்டில் சுற்றி எடுத்துச் சென்று நுண்ணோக்கியில் வைத்தேன். அன்று குறித்துக்கொண்டவை:

1. பூக்களில் தூரிகை இழுத்த தடம் இருக்கிறது. அச்சுப் படமென்றால் புள்ளிகள் தெரிந்திருக்கும். கையால் வரைந்தது.
2. அடியின் நடுவில் அரைத்து மெருகிட்ட ஒரு குழி. சூடான கண்ணாடியைத் தாங்கிய கம்பியை உடைத்தெடுத்த தழும்பு. கையால் ஊதிச் செய்தது.
3. அடி விளிம்பில் எல்லாத் திசையிலும் மெல்லிய தேய்மானம். நிறைய நாள் புழங்கியது.
4. 'மு'வின் கால் அந்தத் தேய்மானத்தை வெட்டிக்கொண்டு போகிறது. முதலில் புழக்கம், பிறகுதான் எழுத்து.

முதல் மூன்றையும் படங்களோடு இணையத்தில் பழங்கண்ணாடி சேகரிப்பவர்களுக்கு அனுப்பினேன். பொஹீமியாவாக, அதாவது இன்றைய செக் நாடாக இருக்கலாம், முத்திரை இல்லாததால் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஒருவர், கி.மு. என்பது ஓவியரின் கையெழுத்தா என்று கேட்டார். பெல்ஜியம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்பா இரண்டு நாள் அவர்கள்மேல் கோபமாக இருந்தார்.

நான்காவது குறிப்பைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது. "பரிசுன்னா புதுசுலதானே பேரு வெட்டுவாங்க?" என்று திருமண ஆல்பத்தைக் கேட்டு வாங்கினார். காலையில், பரிசுகள் வருவதற்கு முன் எடுத்த படத்தில், அப்பாவின் பெரியப்பா ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருக்கிறார். கையில் அதே பச்சை டம்ளர்.

"ஐயையோ! இது பரிசு இல்லடி, இரவல்!"

விசேஷத்துக்கு இரவல் தருகிறவர்களும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள், வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக. மாப்பிள்ளை வீட்டாருக்காக அம்மாவின் தாய்மாமா கரையான்சாவடியில் தெருவெங்கும் டம்ளர் இரவல் வாங்கி வந்திருக்கிறார். கழுவி வைத்ததை யாரோ பரிசுகளோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். விசாரிக்க அந்த மாமாவும் இன்று இல்லை.

"அப்போ இத்தனை வருஷமா என்னைத் திருட்டு டம்ளர்லயா குடிக்க வச்ச?" என்றார் அப்பா. அம்மா இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, "நான் இருக்கும்போதே என் கையால திருப்பிக் குடுத்துடணும்" என்றார். மருத்துவர் வெளியே அலையக் கூடாது என்றிருந்தார். நான் போய்த் தருகிறேன் என்றேன். "வாங்கினது என் கல்யாணத்துக்கு. நீ எதுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் ஆட்டோவில் கரையான்சாவடி போனோம். பழைய தெருவில் மாவு அரைக்கும் கடையில் கேட்டதும் பதில் வந்தது: "கி.மு.வா? கிட்டப்பன் சம்சாரம் முனியம்மா." அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தெருவே அவரைச் 'சமையக்கார அக்கா' என்றுதான் கூப்பிடும். அம்மாவுக்கு அவர் பெயரே தெரிந்திருக்கவில்லை.

முனியம்மா பெரியம்மா டம்ளரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அடிப்பாவி! இத்த எங்கருந்து எடுத்துகினு வர்ற? நான் சோறாக்குன ஊட்டுக்காரம்மா, நாட்ட வுட்டுப் போவும்போது குடுத்ததாச்சே!"

அம்மா நடந்ததைச் சொன்னார். பெரியம்மா திகைத்துப் போனார். "உம் மாமன், எல்லாத்தையும் என் நாத்தனா காந்தா கைலதான் குடுத்தேன்னு சொல்லிட்டாரு. அவதான் அமுக்கிகினான்னு அன்னிலேர்ந்து பேசாம கீறேன்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "அவங்க ஊடு எங்கக்கா?"

"தோ, மூணாவது ஊடு."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த மூன்று வீட்டுத் தூரத்தையும் தாமே நடந்தார். காந்தா பெரியம்மாவின் வாசலில் கைகூப்பி, "தப்பு எங்களுதுக்கா. உங்களுக்கு இதுல சம்பந்தமே இல்ல" என்றார். காந்தா பெரியம்மா முழுதும் கேட்டார். பிறகு வெளியே வந்து, பின்னால் தயங்கி நின்ற முனியம்மா பெரியம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா அண்ணி, கிளாஸு என் வவுத்துலயா இருந்திச்சு?"

"இல்லடி. கோவில்பதாகைல இருந்திச்சு."

"அப்ப இன்னாத்துக்கு நின்னுகினு கீற? கலரு வாங்கியா. வாங்கி அதுல ஊத்து."

நடுத்தெருவில் ஆறு டம்ளரிலும் கலர் சோடா ஊற்றினார்கள். ஆட்டோ ஓட்டுநருக்கும் ஒன்று. காந்தா பெரியம்மா மட்டும் இரண்டு குடித்தார். முனியம்மா பெரியம்மா எவ்வளவு சொல்லியும் அம்மா ஒரு டம்ளரைக்கூடத் திரும்ப வாங்கவில்லை. வீடு வந்ததும் அப்பாவிடம், "பெல்ஜியமும் இல்ல, பொஹீமியாவும் இல்ல. கரையான்சாவடி!" என்று அறிவித்துவிட்டு நன்றாகத் தூங்கினார்.

அதற்குப் பின் அம்மா எட்டு மாதம் எங்களோடு இருந்தார். ஒரு விடியற்காலையில், வலியில்லாமல் விடைபெற்றார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், தையல் பிரிவுத் தோழிகளுக்கும், இரத்தம் கொடுத்த அண்டை வீட்டுத் தம்பிகளுக்கும் எங்கள் நன்றி. ஒரே பஸ்ஸில், ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டே வாரந்தோறும் வந்து அம்மாவைச் சிரிக்க வைத்த முனியம்மா, காந்தா பெரியம்மாக்களுக்குத் தனி நன்றி. அம்மாவின் காரியத்துக்குச் சாம்பார் வைக்க அவர்கள்தான் ஒரு பெரிய அண்டா கொண்டுவந்தார்கள். கிளம்பும்போது காந்தா பெரியம்மா என்னைத் தனியே அழைத்து, "அண்டா எங்க ஊட்டுது. தெரியுமில்ல?" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். அம்மா இருந்திருந்தால் அன்று சாயங்காலமே கொடுத்திருப்பார்.