ஹெட்லைட்டைத் தேடிக் காயலான் கடையில்

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். போன வாரம் ஓடும்போதே வண்டியின் ஹெட்லைட் தீப்பிடித்தது. மனுஷன் முழுசாக வீடு வந்து சேர்ந்ததே போதும்.

வேறு லாரிகளிலும் இப்படி எரிவதால் அரசாங்கம் விசாரிக்கிறது. இன்று எளாவூர் செக்போஸ்ட்டில் வண்டியைக் காட்டச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன்.

அங்கே எங்கள் லாரியில் புத்தம்புது ஹெட்லைட், சந்தனம் குங்குமத்தோடு மின்னியது.

“எரிஞ்ச லைட்டு எங்கப்பா?” என்றார் அதிகாரி.

“காயலான் கடையில போட்டுட்டேன் சார். நீங்கல்லாம் வந்து பாக்கசொல்ல, கருகிப்போனத மாட்டிக்கினு வந்து நின்னா நல்லாவா இருக்கும்?”

“யோவ், அத பாக்கத்தான்யா வந்தேன்!”

இப்போது மூவரும் பழைய இரும்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் சமையலறை பல்பு எரியாமல் மூன்று மாதமாகிறது. அதை மாற்றவைக்க நானும் ஓர் அதிகாரியைத்தான் வரவழைக்க வேண்டுமா, சொல்லுங்கள்.