முட்டிச்சில்லும் பத்துமலைப் படிகளும்

முப்பத்தாறு வயதில் முட்டி வலி என்று சொன்னால் என் கணவர் வீட்டில் சிரிப்பார்கள். அதுவும் முன்பக்கம், சில்லுக்கு அடியில் வலிக்கிறது என்றால் கேட்கவே வேண்டாம். முட்டி வலி கிழவிகளுக்கு மட்டும் என்று யார் எழுதிவைத்தார்களோ.

மகள் டெங்கியில் படுத்துக் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் பத்துமலை முருகனுக்குப் படியேறிப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்துவிட்டாள். தைப்பூசம் நெருங்குவதற்குள் என் முட்டி படுத்துவிட்டது. ரவாங் தொழிற்சாலையில் நாளெல்லாம் குந்திக் குந்தி அடித்தட்டுப் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை. வீடோ ஃபிளாட்டில் நாலாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

அரசாங்கக் கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா என் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, இது ரொம்பப் பேருக்கு வருகிற வலி என்றார். பெண்களுக்கு அதிகமாம். ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு வருமாம். அடிக்கடி குந்துகிறவர்களுக்கும் படி ஏறி இறங்குகிறவர்களுக்கும் வருமாம். தொடைக்குப் பலம் சேர்க்கும் பயிற்சி காட்டினார். கொஞ்ச நாளைக்குப் படியைக் குறைக்கச் சொன்னார். நாலாவது மாடிக்காரியிடம்!

புக்கிட் ரோத்தானில் மாமியார் வீட்டுக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். ரொம்பப் பேருக்கு வரும் என்றதுமே அவர்களுக்கு அது நோயாகவே படவில்லை. "விரதத்துல எங்கயோ குறை வச்சிட்ட" என்றார் மாமியார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைவிட நாலைந்து வயது இளையவளான நாத்தனார் கேலியாகச் சிரித்தாள். "படி ஏறி ஏறிப் பழகுங்க அண்ணி, எல்லாம் சரியாயிரும்லா."

கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். விரதம் முடியும்வரை லிஃப்டில் ஏறக்கூடாது என்று முடிவானது. இறைச்சியை விட்டதுபோல லிஃப்டையும் விட்டேன். சாமி காரியத்துக்காகப் படும் வலி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பயிற்சியையும் மறந்தேன். முட்டி இன்னும் மோசமானது. வேண்டுதலை முடிக்காமல் பாதியில் உட்கார்ந்துவிடுவேனோ என்ற பயம்தான் ராத்திரி பகலாக அரித்தது.

ஆனால் தைப்பூசத்தன்று அத்தனை படியும் ஏறிவிட்டேன். மேளம், கூட்டம், வேல் வேல் என்ற சத்தம், பின்னால் குடும்பமே நின்று கொடுத்த தைரியம். மேலே பால் ஊற்றியபோது அழுதேன். பிறகு எல்லாரும் சாப்பாட்டைத் தேடிக் கிளம்பினார்கள். கணவர் மகளை அழைத்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டார். இத்தனை நாள் ஏறுவதைப் பற்றியே பேசினோமே, இறங்குவதை ஒருத்தராவது நினைத்தோமா?

முதல் படியிலேயே சில்லுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்தியதுபோல் வலித்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். எனக்கு முன்னால் ஒரு பெண் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் கல்லூரி வயதில் ஒருத்தி, அதற்கும் முன்னால் பாட்டி வயது ஆகாத இரண்டு பேர். கம்பி நெடுக எங்கள் வரிசைதான். ஒருவருக்கொருவர் முகம் பார்க்கவில்லை.

மூச்சு வாங்க நின்று திரும்பினால், எனக்குப் பின்னால் என் நாத்தனார், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்.

"உனக்குமா?"

"ஸ்கூல்ல நெட்பால் ஆடுனதுல இருந்தே அண்ணி."

"அப்புறம் ஏன் என்னைப் பார்த்து சிரிச்ச?"

"அப்ப வீட்டுல என்னைப் பார்த்தும் இப்படித்தான் சிரிச்சாங்க. இன்னும் வலிக்குதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிறாதீங்க."

அவளை அறையலாம் போலிருந்தது. கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டாள்.

கீழே கணவர் பொறுமையிழந்து நின்றார். "என்ன, ரெண்டு பேரும் இவ்ளோ லேட்டு?"

"கூட்டம்ணே" என்றாள் அவள் அவசரமாக.

"ஆமா, கூட்டம்தான்" என்றேன். "அத்தனை பேரும் முட்டி வலிக்காரிங்க. உங்க தங்கச்சியும்தான்."

சிரிப்பதற்கு வாயைத் திறந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். இத்தனை மாதம் என் முகத்தில் என்னத்தைப் பார்த்தாரோ.