மூன்று பூட்டுத் தாழ்ப்பாள்

கையில் ஒரு சாவிகூட இல்லாதவளுக்குச் சாவியக்கா என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. மூடிப்போன நூல் மில்லின் பழைய கேன்டீனைப் பெருக்கித் துடைப்பதுதான் அவளுடைய வேலை. ஆனால் அந்தக் கட்டடத்தின் பின்னறை தினமும் காலையில் திறக்க வேண்டுமென்றால், மூன்று வாசலில் போய் நின்று மூன்று பெரிய மனிதர்களைக் கையோடு கூட்டிவர வேண்டும். அதையும் அவள்தான் செய்தாள். அதற்குச் சம்பளம் கிடையாது.

மூன்று கிறிஸ்தவச் சபைகளின் அறை அது. ஒரு காலத்தில் ஒரே சபைதான். ஏதோ நாற்காலித் தகராறில் இரண்டாகி, இரண்டு மூன்றாகி, மேட்டுச் சபை, பாலத்துச் சபை, மார்க்கெட் சபை என்று பிரிந்தது. பாடுகிற பாட்டு ஒன்று, படிக்கிற வேதம் ஒன்று, ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். மில்லை மூடி, தெருவில் பாதி வீடுகளில் அடுப்பு எரியாமல் போன பிறகுதான் மூன்று சபைக்கும் ஒருசேரப் புத்தி வந்தது. கேன்டீனை வாடகைக்குப் பிடித்தார்கள். சனிக்கிழமைகளில் இல்லாதவர்களுக்கு மளிகைச் சாமான் கொடுத்தார்கள். வேலையில்லாத பிள்ளைகளுக்குப் பின்னறையில் வாஷிங் மெஷின், மோட்டார் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது.

முதல் வருடமே ஒரு ட்ரில் மெஷின் காணாமல் போனது. யாரும் யாரையும் வாய்திறந்து திருடன் என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பூட்டு வாங்கிவந்து, ஒரே நீளத் தாழ்ப்பாளில் வரிசையாக மாட்டினார்கள். மூன்றும் திறந்தால்தான் கதவு திறக்கும். சாவிக்காரர் நேரில்தான் வர வேண்டும், கருவிகள் இரவில் வெளியே போகக் கூடாது என்று தீர்மானமும் போட்டார்கள். ஊர் கூடித் தேரே இழுத்துவிடலாம்; மூன்று பேர் கூடி ஒரு கதவைத் திறக்க முடியாது என்பதை அவர்களிடம்தான் பார்க்க வேண்டும்.

அந்த அறையில்தான் சாவியக்காவின் ஒரே மகன் மறுபடி மனிதனானான். அப்பன் மில் மூடிய துக்கத்தில் குடித்தே போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் படிப்பை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். நிமிர்ந்து நின்றால் நிலைப்படி தலையில் இடிக்கும் உயரம், நிமிரத்தான் மாட்டான். ஏசிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சோற்றுப் பானையை ஒளித்துவைத்தும் பார்த்தாள். கடைசியில் அவனை எழுப்பியது ஒரு பழைய மோட்டார். சாப்பிட உட்கார்ந்தால் பேரிங், பெல்ட் என்று பேச ஆரம்பித்தான். அவளுக்கு ஒரு மண்ணும் புரியாது. பிள்ளை பேசுகிறானே என்று தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள்.

பயிற்சி கொடுத்த மெக்கானிக் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அவனுக்காகச் சொல்லிவைத்தார். புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கருவிப் பெட்டியோடு போய், ஓடாத மெஷின் ஒன்றை ஓடவைத்துக் காட்டினால் வேலை. அதே புதன்கிழமைதான் கல்குவாரிக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட்டின் லாரியும் தெருமுனைக்கு வருவதாக இருந்தது. அதில் ஏறிப்போனவர்களில் திரும்பி வந்தது எதிர்வீட்டுப் பையன் மட்டும்தான். இருமிக்கொண்டே வந்தான், இருமியே செத்தான்.

"இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா நான் லாரி ஏறிடுவேம்மா," என்றான் மகன். "இனியும் உன் சம்பாத்தியத்துல படுத்துக் கிடக்க முடியாது."

"வாயக் கழுவு. உனக்கு வேலை கிடைக்கும்."

புதன்கிழமை விடியும் முன்பே அவள் கிளம்பினாள். மேட்டுச் சபைச் சாவிக்காரரான ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சொன்னதும் வந்துவிட்டார். பாலத்துச் சபைச் சாவிக்காரரான மருந்துக்கடைக்காரரும் முனகிக்கொண்டே வந்தார். இரண்டு பூட்டு திறந்தாயிற்று. மார்க்கெட் சபைச் சாவி தையல்கடைக்காரியிடம் இருந்தது. அவள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கேன்டீன் ஆண்டுவிழா பேனர்ல எங்க சபைப் பேரை மட்டும் பொடி எழுத்துல போட்டிருக்காங்க. நேத்து எங்க சபைக் கமிட்டி கூடுச்சு. இதுக்கு ஒரு முடிவு தெரியிற வரைக்கும் பூட்டைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க."

"அக்கா, எம்புள்ளையோட வாழ்க்கை இது. பெட்டியை மட்டும் எடுத்துக்கறேன். உங்க கால்ல வேணா விழறேன்."

"விழாதடி. எனக்கும் புள்ளைங்க இருக்கு, உன் வயித்தெரிச்சல் தெரியாதா? ஆனா கமிட்டியை மீறி நான் என்ன செய்ய முடியும்?"

சாவி மேஜை இழுப்பறையில் கிடந்தது. இருவருக்கும் அது தெரியும்.

கேன்டீனுக்கு ஓடிவந்தவள், வாசலில் கிடந்த செங்கல்லைக் கையில் எடுத்தாள். ஹெட்மாஸ்டர் குறுக்கே வந்து நின்றார்.

"என் பூட்டுன்னா நானே கல்லெடுத்துக் கொடுப்பேம்மா. இது அவங்க பூட்டு. உடைச்சா அப்புறம் மூணு சபையும் ஒண்ணா உக்காரவே உக்காராது. எவ்வளவு கஷ்டப்பட்டு உண்டாக்கின ஒத்துமை."

அவர் மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கல் பூட்டில் விழுந்திருக்காது. மகன்தான் அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்தான்.

"விடும்மா. உனக்கு இருக்கிற வேலையும் போயிடும்."

பக்கத்து வீட்டில் ஒரு குறடு இரவல் வாங்கிக்கொண்டு அவன் சலவைக்கூடத்துக்கு நடந்தான். மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் பூட்டை மறுபடி பூட்டினார். ஹெட்மாஸ்டரும் தன்னுடையதைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

உச்சி வெயிலில் அவன் திரும்பி வந்தான். "பெட்டி இல்லாம வந்த மெக்கானிக்கைப் பாருன்னு சிரிச்சாங்கம்மா. மெஷின்கிட்டயே விடல," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டு சட்டையை மடித்துப் பையில் வைத்தான். அவள் வாசலை மறித்து நின்றாள், பையைப் பிடித்து இழுத்தாள், செத்துப்போவேன் என்றாள். அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, குனிந்து நிலைப்படியைத் தாண்டினான். லாரியில் ஏற்கெனவே அதே தெருப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். நின்றுகொண்டுதான் போனான்.

சாயங்காலம் தையல்கடைக்காரி சாவியோடு ஓடிவந்தாள். பேனரை மாற்றி அடிப்பதாகப் பேசி முடித்துவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று சபைகளும் கேன்டீனில் ஒன்றாகக் கூடி சாவியக்காவின் மகனுக்காக ஜெபித்தன. ஹெட்மாஸ்டருக்குக் குரல் தழுதழுத்தது. தையல்கடைக்காரி விம்மி விம்மி அழுதாள். எதுவும் நடிப்பில்லை, அதுதான் சாவியக்காவுக்குத் தாங்கவில்லை. பொய்யாக அழுதிருந்தால் காறித் துப்பியாவது இருப்பாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாக, இனிமேல் மூன்று சாவியும் சாவியக்காவிடமே இருக்கட்டும் என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

குவாரியிலிருந்து இதுவரை ஒரு போன்கூட வரவில்லை. மகன் எண்ணெய் போட்டுத் துடைத்துவைத்த கருவிப் பெட்டியை அவள் தினமும் தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைக்கிறாள். பழகவேண்டிய பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் அந்த லாரியில் போய்விட்டதால் வகுப்பில் ஆளே இல்லை. பின்னறை மட்டும் இப்போதெல்லாம் சொன்ன நேரத்துக்குத் திறந்துவிடுகிறது.