பாயிண்ட் அக்காவின் பன்னிரண்டரை

பன்னிரண்டரை சதவீதம் என்று கண்டுபிடித்து, அதைத் தலைகீழாகப் போட்டும் சரிபார்த்து, அடியில் இரண்டு கோடு இழுத்த பிறகுதான் அக்கா விடைகளைப் பார்க்கிறார். ஐந்து விடைகளில் எதிலும் பன்னிரண்டரை இல்லை. முதல் தகவல் மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், எதுவானாலும் தனியாகவே போதும், எதுவுமே போதாது. அவ்வளவுதான்.

“போச்சு, மறுபடியும் கண்டுபிடிச்சுத் தொலைச்சுட்டேன்!” என்று தலையில் அடித்துக்கொள்கிறார்.

பதவி உயர்வுத் தேர்வில் தனிவட்டிக் கணக்கு இப்படித்தான் வரும். தொகை எட்டு ஆண்டில் இரட்டிப்பாகிறது என்பது ஒரு தகவல். அசல் ஆறாயிரம் என்பது இன்னொன்று. வட்டி வீதத்தைச் சொல்ல வேண்டாம். அதைச் சொல்ல இந்தத் தகவல் போதுமா என்று சொன்னால் சரி. முதல் தகவலே போதும், பத்து விநாடி வேலை. அக்காவுக்கு நான்கு நிமிடம் பிடிக்கிறது.

அலுவலகத்தின் அடித்தளத்தில், தபால் பிரிவில் பதினான்கு வருடமாக உறை ஒட்டுகிறார். எடை பார்க்கும்போது “நாப்பத்திரண்டு பாயிண்ட் அஞ்சு” என்று உரக்கச் சொல்லாமல் தபால்தலை ஒட்டமாட்டார். அதனால் மூன்று மாடிக்கும் அவர் பாயிண்ட் அக்கா. பல் மருத்துவர் “ரெண்டு பல்லு கொஞ்சம் ஆடுது” என்றால், திறந்த வாயோடு “கொஞ்சம்னா எவ்வளவு?” என்று கேட்கிற ஆள்.

“முதல் தடவை பயத்துல போச்சு. ரெண்டாவது தடவை காய்ச்சல்ல போச்சு. மூணாவது தடவை என் புத்திசாலித்தனத்துல போச்சு” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மூன்றாவது தடவை எல்லா வட்டியையும் கடைசிப் புள்ளி வரை கண்டுபிடித்தார். இருபத்திரண்டு கேள்விகளைத் தொடக்கூட நேரமில்லை. இரண்டு மதிப்பெண்ணில் தவறியது. அவரிடம் உறை ஒட்டக் கற்றுக்கொண்ட பெண் இப்போது மாடியில் அதிகாரி. அவள் வந்தால் அக்கா எழுந்து நிற்கவேண்டும். வேடிக்கையாகப் பேசினாலும் அது வலிக்கத்தான் செய்கிறது. நான்கு தடவைக்கு மேல் எழுத விதியில் இடமில்லை.

பேருந்து ஓட்டுகிற கணவர்தான் பயிற்சியாளர். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு உட்காருவார்.

“வட்டி எவ்வளவுன்னு உன்னை யாராவது கேட்டாங்களா?”

“கேக்கல.”

“அப்புறம் ஏன் போட்டுப் பாக்குற?”

“போதும்னு வாயால சொல்லிட்டா ஆச்சா? போட்டுப் பாத்தாத்தானே போதுமான்னு தெரியும்?”

அவர் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். அக்கா விரலால் மேசைமேல் பெருக்கல் போட்டார். கணவர் அந்தக் கையையும் பிடித்துக்கொண்டார். அக்காவின் உதடு அசைந்தது.

“வாயையும் கட்டணுமா?”

“கட்டுங்க. மனசுல போட்டுக்கிறேன்” என்றார் அக்கா, தன்மேலேயே கோபமாக.

போன ஞாயிற்றுக்கிழமை நான்காவது தேர்வு. பதினேழாவது கேள்வி அசலைக் கேட்டது. மூன்றாண்டு முடிவில் தொகை 7,080 என்றது ஒரு தகவல். ஐந்தாண்டு முடிவில் 7,800 என்றது மற்றது. வலது கை துடித்தது. அக்கா அதைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இரண்டும் சேர்ந்தால்தான் போதும். கையை விடுவித்து வட்டத்தை நிரப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போனார். அப்படியே கடைசி வரைக்கும்.

மணியடிக்கப் பதினொரு நிமிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் முடித்திருந்தார். இந்தப் பிறவியில் இது முதல் தடவை. நம்ப முடியாமல் விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வட்டம்கூடக் காலியில்லை. கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

மணியடித்தது. கண்காணிப்பாளர் வரிசையாகத் தாள்களை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். “அம்மா, பேப்பரைக் குடுங்க.”

அக்கா நிமிரவில்லை. பதினான்கு வருடம் காத்திருந்த அந்த விடைத்தாளை இடது கையால் நீட்டினார். வலது கை, வினாத்தாளின் ஓரத்தில், 7,080-லிருந்து மூன்றாண்டு வட்டி 1,080-ஐக் கழித்துக்கொண்டிருந்தது.