முற்றுப்புள்ளிக்கு அப்புறம் ஒரு எழுத்து

இன்னைக்கு பஸ் டிப்போல ஒரு அக்காவைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட கழட்டல, அப்படியே உக்காந்து டைப் பண்றேன்.

பஸ் ஸ்டாப்ல, எந்த நம்பர் இன்னும் எத்தனை நிமிஷத்துல வரும்னு ஒரு போர்டு காட்டுமே, அந்த நெட்வொர்க் முழுக்க இவங்க பொறுப்பு. டிப்போல இவங்களை ‘கத்திரி’ன்னுதான் கூப்பிடறாங்க. ஒரு வாரத்துக்கு முன்னாடி வந்த பேரு.

டயர் குடோனுக்குப் பின்னாடி இவங்க ரூம். மேசை மேல கழட்டிப் போட்ட பழைய போர்டு ஒண்ணு கிடக்கு. அதைத் தட்டிக்கிட்டே சொன்னாங்க: “இவரு பழைய குமாஸ்தா மாதிரி. ஃபாரத்துல ஒரு கட்டம் கூடிடுச்சுன்னா, ஃபாரத்தையே கிழிச்சுப் போட்டுடுவாரு.”

ஒவ்வொரு பஸ்ஸும் குட்டியா ஒரு செய்தி அனுப்பும். ரூட் நம்பர், நிமிஷம், கடைசியில முற்றுப்புள்ளி மாதிரி ஒரு முடிவுக் குறி. பதினாலு வருஷமா அதே செய்திதான். அதைப் படிக்கிற பழைய போர்டு முன்னூறு இருக்கு. செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல, உள்ள இருக்கிற புரோகிராமை யாராலயும் தொட முடியாது.

அக்காவோட தம்பி வீல்சேர்ல போறவர். கண்ணாடிக் கடையில லென்ஸ் பொருத்துற வேலை. சாய்தளம் வச்ச பஸ்லதான் ஏற முடியும். அவர் வீட்டு முச்சந்தியில ரெண்டு ஸ்டாப், எதுல ஏறினாலும் கடைக்குப் போகலாம். இவர் இந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருப்பார், சாய்தள பஸ் அந்தப் பக்கம் வந்து போயிடும். தினமும் லேட். கடை முதலாளி, “இந்த மாசம் பார்ப்பேன், அப்புறம் வேற ஆள்தான்”னு சொல்லிட்டார்.

அக்கா செய்தி நடுவுல ஒரே ஒரு எழுத்து சேர்த்தாங்க, சாய்தளம் உண்டுன்னு சொல்ல. சோதனைக்கு வச்ச பழைய போர்டெல்லாம் இருட்டாயிடுச்சு. மேனேஜர் வந்து பார்த்துட்டு, “ஒருத்தருக்காக முன்னூறு ஸ்டாப்பை இருட்டாக்க முடியாதும்மா”ன்னார். அதுவும் நியாயம்தானே.

அப்புறம்தான் இவங்க ஒண்ணைக் கவனிச்சாங்க. பழைய போர்டு முடிவுக் குறியோட படிக்கிறதை நிறுத்திடும், அதுக்கு மேல என்ன இருக்குன்னு எட்டிக்கூடப் பார்க்காது. அப்போ அந்த எழுத்தை அதுக்குப் பின்னாடி வச்சுட்டா? இப்ப புதுசா மாட்டுற போர்டை மட்டும் இன்னும் ஒரு எழுத்து படிச்சு, சக்கர நாற்காலிப் படம் ஒண்ணு காட்டச் சொல்லலாம். மேசையில வச்சுப் பார்த்தாங்க, ரெண்டு போர்டும் ஒழுங்கா ஓடுச்சு.

முச்சந்தியில ரெண்டு ஸ்டாப்புக்கும் சேர்த்து ஒரு புது போர்டு. திங்கட்கிழமை காலைல தம்பி அதுக்கு முன்னாடி நிக்கிறார். அக்கா போன்ல.

“சக்கரப் படம் வருதாடா?”

“நம்பர் வருது, நிமிஷம் வருது. அந்தப் பக்கம் சாய்தள பஸ்ஸே வந்துட்டுப் போகுது. உன் போர்டுக்குத்தான் என்னைப் பிடிக்கல போல.”

ரெண்டு நாள் தேடினாங்க. பஸ் அந்த எழுத்தை அனுப்புது, போர்டுக்கு வந்து சேரல. நடுவுல இருக்கிறது, பஸ்ஸோட செய்தியை வாங்கி போர்டுக்கு அனுப்புற டிப்போ பெட்டி ஒண்ணுதான். மேசையில பார்த்தப்போ அதை விட்டுட்டு நேராதான் இணைச்சிருந்தாங்க. பெட்டியோட புரோகிராமைத் திறந்தா ஒரு வரி: முடிவுக் குறிக்கு அப்புறம் எது இருந்தாலும் வெட்டு. கீழே எழுதினவங்க இனிஷியல்.

இவங்களோடதுதான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பதினோரு வருஷம் முன்னாடி எழுதினது.

“அப்போ அங்க வெறும் குப்பைதான் வரும். சுத்தமா பெருக்கிட்டேன்னு பெருமை வேற. பின்னாடி யாராவது அங்க எதையாவது வைப்பாங்கன்னு தோணவே இல்ல”ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

சத்தமில்லாம அந்த வரியை அழிச்சிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா இதே வரியை மத்த டிப்போ பெட்டிகளுக்கும் யாராவது காப்பி பண்ணியிருப்பாங்களேன்னு மீட்டிங்ல எழுந்து ஒத்துக்கிட்டாங்க. அப்பதான் ‘கத்திரி’ன்னு பேரு வந்துச்சு. சாயங்காலம் தம்பிகிட்டயும் சொன்னாங்களாம்.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே எனக்கு வழியை மறிச்சு நின்னிருக்கியா?”

“ஆமாண்டா.”

“சரி, இப்பவாவது நகரு.”

எல்லா பெட்டியிலயும் அந்த வரியை எடுக்க ஒரு வாரம் ஆச்சு. இன்னைக்கு நான் அந்த ரூம்ல இருக்கும்போதே தம்பியோட போன் வந்துச்சு. சக்கரப் படம் பார்த்து, ரோடைத் தாண்டி, தானே ஏறிப் போயிட்டார். “கடையே இன்னும் திறக்கல, வெளிய நிக்கிறேன். இதுக்கும் நீதான் காரணம்”னார். அக்கா சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சாங்க. நானும்தான்.

இன்னும் ரெண்டு ரூட்ல படம் எங்கயோ தொலையுதாம். உங்க ஸ்டாப்ல புது போர்டு இருந்து, சாய்தள பஸ் வந்தும் சக்கரம் தெரியலன்னா, ஸ்டாப் பேரையும் நேரத்தையும் ஒரு சீட்டுல எழுதி டிப்போல குடுங்க. கத்திரி அக்கான்னு கேட்டா ரூமைக் காட்டுவாங்க. தினம் பஸ்ல போற யாருக்காவது இதை அனுப்பி வைங்க.